போர்வை ஓரத்தை அடித்துணியாலேயே மடித்துத் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடக்கிறது. ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இரண்டாம் மாதம் முடிவதற்குள் மூலையில் கிடக்கும் வெட்டுத்துணி மூட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். “அக்கா, இதை வச்சு ஒட்டுப்போர்வை தைக்கலாமா?” என்று ஆரம்பிக்கும். மேல்துணியை ஆசை ஆசையாகச் சேர்ப்பார்கள். நடுவில் கனத்துக்கு ஏதாவது வைத்து, கீழே அடித்துணி விரித்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையலும் போட்டுவிடுவார்கள். ஓரத்துக்கு வந்ததும் முழி பிதுங்கும். தனியாகப் பட்டி வெட்டி வைத்துத் தைக்க அலுப்பு, அப்படியே விட்டால் பிசிறு. அப்போதுதான் அடித்துணியையே முன்பக்கம் மடித்து ஓரம் கட்டச் சொல்வேன். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஓரத்தைப் பற்றிய முடிவை அடித்துணி வெட்டும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கடைசியில் யோசித்தால் துணி கையில் இருக்காது.

அடித்துணியால் ஓரம் கட்டுவது என்றால் சரியாக என்ன செய்வது?

போர்வை மூன்று அடுக்கு. முகத்தில் தெரிவது மேல்துணி, நடுவில் கனம், கீழே அடித்துணி. மேல்துணியும் நடு அடுக்கும் ஒரே அளவில் நிற்கும். அடித்துணி மட்டும் நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலை ஒரு மடி மடித்து, இன்னொரு மடியாக மேல்துணியின் மேல் ஏற்றி, மடிப்பின் விளிம்பை ஒட்டித் தைத்துவிட்டால் ஓரம் முடிந்தது. வேட்டி ஓரத்தை இரண்டு மடி மடித்து அடிப்போமே, அதே வேலைதான். வேட்டியில் மடிப்புக்குள் காற்று இருக்கும், இங்கே போர்வை இருக்கும். முன்பக்கம் பார்த்தால் அடித்துணியின் நிறத்தில் ஒரு கரை ஓடும். பின்பக்கம் தையல் கோடு மட்டும் தெரியும்.

தனிப் பட்டி வைத்துத் தைப்பதைவிட இது நல்லதா?

வேலை குறைவு, துணியும் குறைவு. பட்டி வெட்ட வேண்டாம், பட்டிக்குப் பட்டி ஒட்டுப்போட வேண்டாம், சுற்றி வந்து ஆரம்பமும் முடிவும் சேரும் இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். முதல் போர்வை தைக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்லித்தருகிறேன்.

ஆனால் உழைப்பு என்று பார்த்தால் தனிப் பட்டிக்குத்தான் என் ஓட்டு. போர்வையில் முதலில் நைந்துபோவது ஓரம். கை பிடித்து இழுப்பது அங்கே, தரையில் உரசுவது அங்கே, கொடியில் மடிந்து தொங்குவதும் அங்கே. இரட்டையாக மடித்து வைக்கும் தனிப் பட்டியில் அந்த விளிம்பை இரண்டு துணி சுற்றியிருக்கும். அடித்துணியை மடித்தால் கரைப்பகுதி இரட்டையாக இருந்தாலும், விளிம்பை வளைத்து வருவது ஒரே ஒரு துணி. தனிப் பட்டி நைந்தால் பிரித்து எறிந்துவிட்டுப் புதிது வைக்கலாம். இது நைந்தால் நைந்தது அடித்துணியே.

அதனால் என் கணக்கு இப்படி: தொட்டில் பிள்ளைக்கு, மடியில் போட்டுக்கொள்ள, ஏசி அறையில் காலில் போர்த்த, சுவரில் மாட்ட என்றால் இந்த முறை. பேத்தி கல்யாணம் வரை இருக்க வேண்டிய போர்வை என்றால் தனிப் பட்டி. நம்மூர் குளிர் மார்கழி, தையில் விடியற்காலை வாடைக்காற்றோடு சரி. பெரும்பாலும் மெல்லிய போர்வைதான் தைக்கிறோம், அதற்கு இந்த ஓரம் தாராளமாகப் போதும்.

அடித்துணி எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும்?

அளவு இரண்டு இருக்கிறது. ஓட்டுத் தையலுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இதைக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை.

ஓட்டுத் தையல் போடும்போது துணி சுருங்கும், நகரும், ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். எனவே முதலில் மேல்துணியைவிட நாலு பக்கமும் 3 இஞ்ச் அதிகமாக விட்டு வெட்டுங்கள். தையல் முடிந்த பிறகு அந்த 3 இஞ்சை வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம்.

கடைசி அளவு, கரை எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்தது. அரை இஞ்ச் கரைக்கு அடித்துணி 1 இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முக்கால் இஞ்ச் கரைக்கு ஒன்றரை. அதாவது தெரியும் கரையைப்போல இரண்டு மடங்கு. துணியின் வெட்டு விளிம்பு மேல்துணியின் விளிம்பைத் தொடும்படி முதல் மடிப்பு, அதை அப்படியே மேல்துணி மீது புரட்டினால் இரண்டாம் மடிப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மேல்துணி 34-க்கு 44 இஞ்ச், சின்னப் பிள்ளைப் போர்வை. அடித்துணி 40-க்கு 50 வேண்டும். 44 பன்னா, அதாவது 44 இஞ்ச் அகலமுள்ள பாப்லின் ஒன்றரை மீட்டர் வாங்கினால் நீளம் 59 இஞ்ச் வரும். நனைத்துக் காயவைத்ததில் கொஞ்சம் சுருங்கினாலும் போதும். 36 பன்னா துணியில் இது நடக்காது. கடைக்குப் போகும்போது பன்னாவைக் கேட்டுவிட்டு மீட்டரைச் சொல்லுங்கள்.

ஒற்றைக் கட்டிலுக்கு 60-க்கு 90 என்றால் அடித்துணி 66-க்கு 96. எந்தச் சாதாரணப் பன்னாவும் எட்டாது. பெரிய பெட்ஷீட் ஒன்றைப் போடலாம், அல்லது இரண்டு துண்டை நீளவாக்கில் இணைக்கலாம். இணைத்தால் இணைப்புக்கு உள்ளே போகும் கரைப்பகுதியை வெட்டிவிட்டு இணையுங்கள். நெய்த கரை இறுக்கமாக இருக்கும், துவைத்ததும் அந்த இடம் மட்டும் சுருக்கி இழுக்கும். இணைப்பை விரித்து இஸ்திரி போடுங்கள். அது மூலைக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை இஞ்ச் கரை ஏறினால் என் முக்கோணத்தின் முனையெல்லாம் மறைந்துபோகிறதே?

நல்ல கேள்வி. வகுப்பில் இதைத் தைப்பதற்கு முன் கேட்டவர் ஒருவர்தான். மற்றவர்கள் தைத்த பிறகு கேட்டார்கள்.

துண்டு சேர்க்கும்போது நாம் தையலுக்கு விடுவது கால் இஞ்ச். நட்சத்திரமோ முக்கோணமோ, அதன் முனை மேல்துணியின் விளிம்பிலிருந்து கால் இஞ்ச் உள்ளே நிற்கும். தனிப் பட்டியைக் கால் இஞ்சில் தைத்தால் முனை தப்பிக்கும். அரை இஞ்ச் கரையை மேலே ஏற்றினால் முனை கால் இஞ்ச் உள்ளே புதையும். தூரத்தில் பார்த்தால் தெரியாது, தைத்தவர் கண்ணுக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

எளிய வழி, மேல்துணியைச் சுற்றி ஒற்றை நிறத்தில் இரண்டு இஞ்ச் பட்டி ஒன்று வைத்துவிடுவது. கரை அதன் மேல் ஏறும், வடிவம் பிழைக்கும். பட்டி வைக்க மனமில்லை என்றால் இன்னொரு வழி. நடு அடுக்கை மேல்துணியோடு சமமாக நறுக்காமல் கால் இஞ்ச் வெளியே விடுங்கள். அடித்துணியை மேல்துணியிலிருந்து ஒன்றேகால் இஞ்ச் விட்டு நறுக்குங்கள். அரை இஞ்ச் உள்மடிப்பு, பிறகு நடு அடுக்கின் விளிம்பைச் சுற்றிப் புரட்டினால் கரை அரை இஞ்ச் தெரியும், ஆனால் மேல்துணியின் மேல் ஏறுவது கால் இஞ்ச்தான். போர்வையும் நாலு பக்கம் கால் கால் இஞ்ச் பெரிதாகும். கரைக்குள்ளும் கனம் இருப்பதால் ஓரம் உருண்டு நிற்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

சுங்குடிச் சேலையை அடித்துணியாகப் போடலாமா?

மதுரையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாராளமாகப் போடலாம். பருத்திச் சுங்குடி துவைக்கத் துவைக்கப் பூப்போல ஆகிவிடும், பிள்ளை உடம்புக்கு அதைவிட இதமான துணி எனக்குத் தெரியாது. அம்மாவின் பழைய சுங்குடியைக் கொண்டுவந்து, “அம்மா போன பிறகு பீரோவில் கிடக்கு, அக்கா” என்று மேஜையில் வைக்கிறவர்கள் உண்டு. அந்தச் சேலையை நான் துண்டு துண்டாக வெட்டச் சொல்லமாட்டேன். முழுசாக அடித்துணியாகப் போட்டு, ஓரத்தில் முன்பக்கம் எட்டிப்பார்க்கும்படி மடிக்கச் சொல்வேன். மேலே என்ன துண்டு சேர்த்திருந்தாலும் சுற்றிலும் அந்தப் புள்ளிகள் ஓடும்.

சுங்குடி என்றால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய துணி. சௌராஷ்டிர மக்கள் கையில் வளர்ந்த தொழில், 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முடிச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் அச்சுப் போட்டதும் நிறைய இருக்கிறது. போர்வைக்கு எதுவானாலும் சரி, ஒரே ஒரு பரீட்சை வையுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, சேலையின் அடர் நிறத்தில் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அது உங்கள் மேல்துணியிலும் ஏறும்.

எனக்கே நடந்தது. அரக்குச் சிவப்புச் சுங்குடியை அடித்துணியாக வைத்து, வெள்ளையும் மஞ்சளுமாக மேல்துணி சேர்த்து, முழு ஓரத்தையும் கையாலேயே எம்மிங் பண்ணி முடித்தேன். கடைக்காரர் சாயம் போகாது என்று சத்தியம் செய்தார், நானும் நம்பினேன். முதல் துவைப்பில் கரையை ஒட்டி அரை இஞ்சுக்கு ரோஸ் நிறம் இறங்கிவிட்டது. அந்த இடத்து வெள்ளையெல்லாம் தாம்பூலம் துப்பினாற்போல ஆனது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணியில் உப்பு ஒன்றும் பிடித்துவைக்காது. ஒட்டாமல் நிற்கும் அதிகப்படிச் சாயம் வெளியேறும்வரை அலசுவதுதான் வழி. மூன்று நாலு தடவை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகு வெட்டுங்கள்.

சேலையின் நெய்த கரையையே போர்வைக் கரையாகக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களும் உண்டு. நீளவாக்கில் இரண்டு பக்கத்துக்கு முடியும். அந்த விளிம்பு பிரியாது என்பதால் உள்மடிப்பு இல்லாமல் ஒரே மடிப்பாக ஏற்றினால் போதும். மற்ற இரண்டு பக்கம் வழக்கம்போல இரண்டு மடிப்பு. ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம். கழுத்தில் குத்தும், துவைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

நடுவில் என்ன வைப்பது? இலவம் பஞ்சு வைக்கலாமா?

இலவம் பஞ்சு வேண்டாம். பக்கத்தில் போடியிலிருந்து வரும் பஞ்சு தலையணைக்கும் மெத்தைக்கும் அருமை. ஆனால் அந்த நார் குட்டை, வழுவழுப்பானது, ஒன்றை ஒன்று பிடிக்காது. துவைக்கும் போர்வைக்குள் வைத்தால் மூலைக்கு மூலை உருண்டுவிடும். ஓரத்தை மடிக்கும்போது உதிரிப் பஞ்சு மடிப்புக்குள் புகுந்து தையலில் மாட்டும்.

நம்மூர் வெயிலுக்குப் பழைய வேட்டி இரண்டு அடுக்கே போதுமான கனம். வேட்டி துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், அது பெரிய லாபம். பழைய பெட்ஷீட்டும் வைக்கலாம். கொடைக்கானலுக்குக் கொண்டுபோகக் கனமாக வேண்டும் என்றால் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கிடைக்கிறது. ஷீட்டாக இருப்பதால் நறுக்க வசதி, ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகி அமுங்கிவிடும். ஓரத்தை இஸ்திரி போட்டு மடிக்க நினைக்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

நடு அடுக்கை நறுக்கும்போது அடித்துணியும் வெட்டுப்பட்டுவிட்டது. இப்போது என்ன செய்ய?

இந்த முறையில் நடக்கும் பெரிய விபத்து இதுதான். தனிப் பட்டி முறையில் மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரே வெட்டு. இங்கே மேலே இரண்டை நறுக்க வேண்டும், கீழே ஒன்றைத் தொடக்கூடாது. கத்திரி ஒரு தடவை கீழே இறங்கினால் போச்சு.

முதலில், எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். வெட்டு நீட்டலுக்குள்ளேயே நின்று, வெளி விளிம்பிலிருந்து அரை இஞ்சுக்குள் இருந்தால் அது உள்மடிப்பில் மறைந்துவிடும். பின்னால் சின்னதாக ஒரு துண்டுத் துணியோ, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸோ வைத்து ஒட்டிவிட்டு மடியுங்கள். வெட்டு மேல்துணியின் விளிம்பு வரை வந்திருந்தால் அது சரியாக ஓரத்தின் முதுகில் வந்து நிற்கும், ஒட்டினாலும் சீக்கிரம் வாய் திறக்கும். அப்போது கௌரவம் பார்க்காமல் நீட்டலைச் சுற்றிலும் வெட்டி எறிந்துவிட்டுத் தனிப் பட்டிக்கு மாறிவிடுங்கள்.

வெட்டுப்படாமல் இருக்க நான் செய்வது: சேலை வாங்கினால் உள்ளே வரும் நீள அட்டையை நடு அடுக்குக்கும் அடித்துணிக்கும் இடையில் செருகிவிடுவேன். கத்திரி அட்டையின் மேல்தான் ஓடும். நறுக்கிய நீளத்துக்கு அட்டையை நகர்த்திக்கொண்டே போக வேண்டியது. ஓட்டுத் தையலை விளிம்புவரை கொண்டுபோகாமல் ஒரு இஞ்ச் முன்னாலேயே நிறுத்தினால் அட்டை சுலபமாக நுழையும். சாயங்காலம் கரண்ட் போகும் நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

மூலை எப்படி மடிப்பது? எனக்கு எப்போதும் உருண்டை கட்டிவிடுகிறது.

தபால் கவரின் பின்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடிப்பு சாய்வாக வந்து ஒரு கோட்டில் சேர்கிறதே, அதுதான் வேண்டும்.

மூலையில் அடித்துணி ஒரு சின்னச் சதுரமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியைப் பிடித்து, போர்வையின் மையத்தைப் பார்த்துக் குறுக்காக மடியுங்கள். மடிப்புக்கோடு மேல்துணியின் மூலைப் புள்ளியைத் தொட வேண்டும். நடு அடுக்கின் கனம் இருப்பதால் புள்ளியிலிருந்து ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) வெளியே தள்ளி மடித்தால் இன்னும் நல்லது. மேல்துணியின் மீது கிடக்கும் அந்த முக்கோணத்தை மடிப்பிலிருந்து கால் இஞ்ச் விட்டு நறுக்கிவிடுங்கள். உருண்டை கட்டுவதற்குக் காரணமே இந்த முக்கோணம்தான். நறுக்காமல் மடித்தால் அது கரைக்கு வெளியே நாக்கை நீட்டும்.

இப்போது ஒரு பக்கத்தை எடுங்கள். வெட்டு விளிம்பு மேல்துணியைத் தொட ஒரு மடி, மேலே புரட்டி இன்னொரு மடி, குண்டூசி. அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்வில் ஒரு கோடு தானாக விழும். அதைக் கையூசியால் நாலைந்து தையல் போட்டு மூடிவிடுங்கள். கோடு சேராமல் இடைவெளி விட்டால் முதல் குறுக்கு மடிப்பு கோணியிருக்கிறது என்று அர்த்தம், பிரித்து அதைத்தான் திருத்த வேண்டும். பக்கங்களை இழுத்துச் சேர்த்தால் மூலை கூம்பிக்கொள்ளும்.

சாய்வு மூலைக்குப் பொறுமை இல்லையென்றால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டை முதலில் மடித்துக் கடைசிவரை தைத்துவிட்டு, பிறகு மற்ற இரண்டை அவற்றின் மேல் மடியுங்கள். முனையில் தெரியும் பிசிறை உள்ளே தள்ளிவிட வேண்டும். மூலை கொஞ்சம் தடிக்கும், ஊசி திணறும். ஆனால் பார்க்க அசிங்கமாக ஒன்றும் இருக்காது. மதுரைக்காரர்களுக்கு முக்கு முக்கியம்தான், அதற்காக மூலைக்கு ஒரு மணி நேரமா?

மிஷினில் அடிப்பதா, கையால் எம்மிங் செய்வதா?

கையால் செய்தால் முன்னால் தையல் தெரியாது, பின்னாலும் தெரியாதபடி அடித்துணியைத் தொடாமல் நடு அடுக்கில் மட்டும் ஊசியைக் குத்தி எடுக்கலாம். 34-க்கு 44 போர்வைக்குச் சுற்றளவு 156 இஞ்ச். இஞ்சுக்கு 8 தையல் என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது தையல் போல வரும். சீரியல் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம்.

அடிக்கடி துவைக்கும் பிள்ளைப் போர்வைக்கு மிஷின்தான். கால் மிஷினே போதும். 16 நம்பர் ஊசி மாட்டுங்கள், 14 கனத்தில் வளையும். தையலை ஜாக்கெட்டுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக, 3 மில்லிமீட்டர் அளவுக்கு வையுங்கள். மடிப்பின் உள் விளிம்பிலிருந்து ஒரு நூல் தள்ளி அடித்தால் போதும். பாபினில் அடித்துணி நிறத்தில் நூல், மேலேயும் அதே நிறம். ஹார்வி மில் நூல் ஊரெல்லாம் ஓடிய ஊர்க்காரர்களுக்கு நூலைப் பற்றி நான் என்ன சொல்ல, ஆனாலும் பழைய டப்பாவில் பத்து வருஷமாகக் கிடக்கும் நூலை மட்டும் போடாதீர்கள். இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் குப்பைக்கு.

குண்டூசியைத் தையலுக்குக் குறுக்காகக் குத்துங்கள், எடுக்க வசதி. துணி உலர்த்தும் கிளிப்பும் போடலாம். பிள்ளைப் போர்வையில் எத்தனை குண்டூசி குத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டு, முடிந்ததும் அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பியதா என்று பார்ப்பது என் வழக்கம்.

ஓரம் அலை அலையாக வருகிறது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, போர்வையின் நடுவில் நெருக்கமாகத் தைத்து ஓரத்தில் தைக்காமல் விட்டிருப்பீர்கள். நடு சுருங்கும், ஓரம் சுருங்காது, மிச்சத் துணி அலையாக நிற்கும். இரண்டு, மடித்து அடிக்கும்போது மடிப்பை இழுத்துப் பிடித்திருப்பீர்கள். பிரஷர் புட் மேல் அடுக்கைத் தள்ளும், அடியிலிருக்கும் பற்கள் கீழ் அடுக்கை இழுக்கும். நாமும் சேர்ந்து இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

மடிப்பதற்கு முன் மேல்துணியின் விளிம்பிலிருந்து ஒரு நூல் உள்ளே, மூன்று அடுக்கையும் சேர்த்துச் சுற்றிலும் ஒரு தையல் போட்டுவிடுங்கள். அது கரைக்குள் மறைந்துவிடும், அடுக்குகள் நகராது. அதற்கும் முன்னால் போர்வை சதுரமாக நிற்கிறதா என்று பாருங்கள். மூலைக்கு மூலை இஞ்ச் டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வீட்டில் இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் அந்தக் கோட்டின் மேல் விரித்தாலே கோணல் பல்லைக் காட்டிவிடும்.

ஓரம் வளைவாக இருந்தால் இப்படி மடிக்கலாமா?

வேண்டாம். நேர் நூலில் நிற்கும் துணி வளைவில் வளையாது, சுருக்கம் விழும். வளைவுக்கு உரேப்பில், அதாவது துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டிய பட்டிதான்.

ஒரு பக்கம் மட்டும் அடித்துணி போதவில்லை. அரை இஞ்ச்தான் இருக்கிறது.

மூன்று பக்கம் சரியாக இருந்தால், குறைந்த பக்கத்தில் மேல்துணியையும் நடு அடுக்கையும் அரை இஞ்ச் நறுக்கிக்கொள்ளலாம். அடித்துணியின் நீட்டல் 1 இஞ்ச் ஆகிவிடும். வடிவம் அதற்கு இடம் கொடுத்தால் இதுதான் சுலபம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் முழு நீளத்துக்கும் அதே துணியில் ஒரு பட்டியை அடித்துணியோடு இணைத்து நீட்டுங்கள். இணைப்பு ஓரத்தின் முதுகில் வராமல் கரைக்கு உள்ளே வரும்படி பாருங்கள். மிச்சத் துணியே இல்லையென்றால் அந்த ஒரு பக்கத்துக்கு வேறு நிறம் போட்டுவிடுங்கள். வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லியிருக்கிறேன்.

ஓரத்தை மட்டும் தையல்காரரிடம் கொடுத்து முடிக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் ஜாக்கெட் மட்டும் தைக்கிறவர் பெரிய போர்வையை மிஷினில் நுழைக்கச் சங்கடப்படுவார். திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள், தேரில் தொங்கும் துணித் தொம்பையும் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷக்காரர்களின் உடுப்பும் தைத்த கைகள். கனமான அடுக்குத் துணி அவர்களுக்குப் பழக்கம். அங்கிருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கின்றன. யாரிடம் கொடுத்தாலும் நடு அடுக்கை நீங்களே நறுக்கி, மடித்து, பெரிய ஓட்டில் கையால் கட்டிக் கொடுத்துவிடுங்கள். “மடித்து அடித்துவிடுங்கண்ணே” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வந்தால், வேகத்தில் நீட்டலைப் பிசிறு என்று நினைத்து ஒரே சீராக வெட்டி ஓவர்லாக் போட்டுக் கொடுப்பார். சித்திரை மாதத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள், உங்கள் போர்வையைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

ஓரம் நைந்துவிட்டால்?

முதலில் மூலைகள் நையும், பிறகு கழுத்துப் பக்கம் வரும் ஓரம். அந்தப் பக்கத்தை மட்டும் புதுப் பட்டியால் மூடலாம். இரண்டேகால் இஞ்ச் அகலத்தில் பட்டி வெட்டி, இரட்டையாக மடித்து, பழைய கரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே வைத்துத் தைத்துவிடுங்கள். பழைய கரை உள்ளே கிடந்து கனம் கொடுக்கும். நைவதைத் தள்ளிப்போட ஒரே வழி காயப்போடும் விதம். நனைந்த போர்வையைக் கொடியில் ஓரத்தைப் பிடித்துக் கிளிப் மாட்டினால் மொத்த எடையும் அந்த ஒற்றைத் துணியில் தொங்கும். மொட்டை மாடியில் பாயை விரித்து அதன் மேல் போடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் புரட்டிப்போட மறக்காதீர்கள், சுங்குடி வெளுத்துவிடும்.